மீன்வண்டியின் அடிச்சட்டம்

வில்லியனூர்
17 சனவரி 1934

மாமாவுக்குப் பவுனம்மாள் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் தம்பி வீரப்பனும் சுகம். சைகோனில் உங்கள் உடம்பும் கராஜ் வேலையும் நல்லபடியாக இருக்க வீராம்பட்டினத்துச் செங்கழுநீரம்மன் பார்த்துக்கொள்ளட்டும். பொங்கலுக்கு உங்கள் கடிதம் வரும் என்றிருந்தேன். வரவில்லை. அதைப் பேச இதை எழுதவில்லை. ஒரு வேலை விஷயம். மோட்டார் விஷயம் என்பதால் உங்களை விட்டால் கேட்க ஆளில்லை.

நான் மோட்டார் வாங்கிவிட்டேன். ஆச்சரியப்பட்டு முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

பழைய பிரெஞ்சு வண்டி. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விற்றது. பின் சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பலகை அடித்து, மீன்கூடை ஏற்றுகிற வண்டியாக மாற்றிவிட்டேன். வீரப்பன் ஓட்டுகிறான். வீராம்பட்டினத்திலிருந்து தலையில் கூடை வைத்து வில்லியனூருக்கு நடந்தவள் நான். உங்களுக்குத் தெரியாததில்லை. அப்புறம் வாடகை மாட்டுவண்டி. இப்போது இது. விடியலில் கரையேறுகிற மீன் வெயில் சுடுவதற்குள் வில்லியனூர், கரிக்கலாம்பாக்கம், பாகூர் வரைக்கும் போய்விடுகிறது. மாட்டுவண்டி சுப்பராயலு பாகூருக்குக் கருவாடுதான் கொண்டுபோவான். நான் பச்சை மீன் கொண்டுபோகிறேன். என் வியாபாரம் முழுதும் அந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

இப்போது தொல்லை என்னவென்றால், கூடை ஏற்றினால் டிரைவர் பக்கத்துக் கதவு இறுகிக்கொள்கிறது. எத்தனை இழுத்தாலும் திறக்காது. இறக்கினால் தானாகத் திறந்து ஆடுகிறது. வீரப்பன் கதவுக்கு மேலே ஏறிக் குதித்து இறங்குகிறான். சந்தையில் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். தச்சரைக் கூப்பிட்டுக் கதவை இழைத்தேன். இரண்டு நாள் சரி, மறுபடியும் அதே கதை. கடைசியில் கொல்லுப்பட்டறைக் கண்ணையன் ஆசாரி வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா பவுனம்மா, முதுகெலும்புல விரிசல் வுட்டிருக்குது, நீ கதவைப் புடிச்சித் திட்டிக்கினு கீற" என்றார். அடிச்சட்டம். கராஜில் நீங்கள் ஷாசி என்பீர்களே, அது.

சட்டத்துக்கு இரும்புப் பட்டை கொடுத்துப் பலப்படுத்த வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சண்டை. ஆசாரி, துளை போட்டுப் போல்ட்டு நட்டு முடுக்க வேண்டும் என்கிறார். டவுனில் ஒரு பட்டறையில் காஸ் நெருப்பால் பத்தவைக்கிற கலியபெருமாள் இருக்கிறார். அவர், "துளை போட்டா சட்டம் சல்லடையாயிடும்மா, பத்தவெச்சா ஒரே இரும்பு, பிரிக்கவே முடியாது" என்கிறார். இவர் அவரைத் திட்ட, அவர் இவரைத் திட்ட, நான் நடுவில் நிற்கிறேன். ரெண்டு பேரும் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்களா, தங்கள் கூலியைப் பற்றிப் பேசுகிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குக் கூலி இல்லை. அதனால் நீங்கள் சொல்லுங்கள்.

வண்டி நின்றால் பாகூர் சந்தை சுப்பராயலு கைக்குப் போய்விடும். அதை மனதில் வைத்துச் சீக்கிரம் எழுதவும். கப்பல் தாமதம் என்ற சாக்கு வேண்டாம். டவுனில் கப்பல் வந்து நிற்பதை நான்தான் பார்க்கிறேனே.

இப்படிக்கு
பவுனம்மாள்


சைகோன்
20 பிப்ரவரி 1934

அன்புள்ள பவுனுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். பொங்கலுக்கு எழுதாதது சோம்பல்தான். வேறு காரணம் தேட வேண்டாம். இங்கே மாரியம்மன் கோவிலில் நம் ஆட்கள் பொங்கல் வைத்தார்கள். வெல்லம் நம்மூர் வெல்லம் இல்லை. சர்க்கரையைக் கொட்டிக் கிளறினார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தேன்.

மோட்டார் என்றதும் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். கராஜில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், என் பெண்சாதி மோட்டார் முதலாளி என்று. நம்பவில்லை.

இனி வேலைப் பேச்சு. கதவுதான் உண்மையைச் சொல்கிறது. பாரம் ஏறினால் சட்டம் நடுவில் தொய்கிறது, கதவின் வாய் குறுகுகிறது. எவ்வளவு தொய்கிறது என்று நீயே பார்க்கலாம். சட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டி முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டு. காலி வண்டியில் நூல் சட்டத்தோடு ஒட்டி நிற்கட்டும். பிறகு கூடைகளை ஏற்று. நடுவில் நூலுக்கும் சட்டத்துக்கும் இடையில் உன் விரல் நுழைந்தால் ஆபத்து. விரிசல் கீழ் விளிம்பில்தான் தொடங்கியிருக்கும். விரிசல் முடிகிற நுனியில் ஒரு சின்னத் துளை போடச் சொல். அது அதற்குமேல் ஓடாது.

என் யோசனை போல்ட்டு. ஆனால் ஆசாரி மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடக் கூடாது. சட்டத்துக்குப் பலம் அங்கேதான் இருக்கிறது. பக்கவாட்டு முகத்தில் மட்டும் போட வேண்டும். படம் வரைந்து வைத்திருக்கிறேன், அவரிடம் காட்டு.

ஏன் போல்ட்டு என்றால், பத்தவைத்த சட்டத்தை வாங்க வருகிறவன் சந்தேகப்படுவான். உள்ளே என்ன மறைத்திருக்கிறார்களோ என்று நினைப்பான். போல்ட்டு என்றால் பட்டையைக் கழற்றிக் காட்டிவிடலாம், நல்ல விலைக்குப் போகும். நீ இங்கே வரும்போது வண்டியை ஒரு தொல்லையும் இல்லாமல் கைமாற்றிவிட்டு வரலாம். அதுவரைக்கும் ஓடினால் போதும்தானே.

பவுனு, இங்கே எனக்கு இரண்டு அறை வீடு. சந்தை பக்கம். நீ வந்தால் வேலைக்காரியே வைத்துக்கொள்ளலாம். மீன் நாற்றம் இல்லாமல் நீ ஒரு நாள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வந்துவிடு. இதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே.

உன் மாமா
பலராமன்


வில்லியனூர்
25 மார்ச் 1934

மாமாவுக்கு,

படம் வந்தது. நூல் கட்டிப் பார்த்தேன். விரல் நுழைந்தது. என் விரல் மட்டுமில்லை, வீரப்பன் விரலும் நுழைந்தது. பக்கத்தில் நின்ற உறுவையாற்றுக் கரும்புக்காரர் ஒருவர் தன் விரலையும் விட்டுப் பார்த்து, "ஆமாம்மா, நுழையுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் எழுதியதில் மற்றதெல்லாம் சரி. விற்கிறபோது வசதி என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் கடிதத்தை மடித்துவைத்துவிட்டு மூன்று கூடை சங்கரா மீன் பேரம் பேசி முடித்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். எனக்கு எது நிற்கும் என்று கேட்டேன். எது விலைபோகும் என்று கேட்கவில்லை. வாங்கின மறுமாதமே விற்கிற புத்தியோடு பட்டை போடுகிறவள் இதை வாங்கியே இருக்க மாட்டாள்.

அதனால் பத்தவைத்துவிட்டேன். கலியபெருமாள் பட்டறையில். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெருப்பை ஊதினார். இரும்பு வெல்லப்பாகு மாதிரி உருகி ஓடிற்று. சட்டமும் பட்டையும் ஒன்றாகிவிட்டது. "இனிமே இதைப் பிரிக்கணும்னா வண்டியைத்தான் வெட்டணும்" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. கண்ணையன் ஆசாரி என்னோடு பேசுவதில்லை. கதவு நன்றாகத் திறக்கிறது. கைதட்டுகிற பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம்.

சைகோன் பேச்சுக்கு வருகிறேன். நான் அங்கே வந்து என்ன செய்வேன்? காலையில் நீங்கள் கராஜுக்குப் போவீர்கள். நான் வேலைக்காரி சமைப்பதைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் கதவு ஒழுங்காகத் திறக்கிற கதவாகவே இருந்தாலும் எத்தனை நேரம் பார்ப்பது? மீன் நாற்றம் என்கிறீர்கள். அந்த நாற்றத்தில்தான் நம் வீட்டுக்கு ஓடு போட்டது.

இன்னொன்று. குப்பத்தில் ஒரு பேச்சு அடிபடுகிறது. சைகோன் போனவர்கள் எல்லாருக்கும் அங்கே ஒரு வீடு, ஒரு ஆள் இருக்கும் என்று. இருந்தால் எழுதிவிடுங்கள். நான் கத்தமாட்டேன், கிணற்றில் விழமாட்டேன். வியாபாரத்தில் சரக்கு அழுகியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறவனை நான் மதிப்பேன்.

இப்படிக்கு
பவுனம்மாள்


சைகோன்
29 ஏப்ரல் 1934

பவுனுக்கு,

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். இல்லை. இங்கே இருக்கிற இரண்டு அறையில் ஒன்றில் நான் படுக்கிறேன், இன்னொன்றில் டயர் கிடக்கிறது. நம்பினால் நம்பு. நம்பிக்கை வரவில்லை என்றால் வீராம்பட்டினத்துப் பக்கிரி கப்பலில் வேலை பார்க்கிறானே, இங்கே வரும்போதெல்லாம் என்னோடுதான் சாப்பிடுகிறான், அவனைக் கேள்.

பத்தவைத்துவிட்டாய். சரி. கோபத்தில் செய்தாய் என்று தெரிகிறது. ஆனால் வேலை என்று வந்தபிறகு உன் கோபத்தையும் என் கோபத்தையும் இரும்பு கேட்டுக்கொள்ளாது. கலியபெருமாள் நல்ல கையாகவே இருக்கலாம். பாய்லர் பத்தவைத்துப் பழகிய கை. பாய்லர் ஓரிடத்தில் நிற்கிற பொருள். அடிச்சட்டம் பள்ளத்துக்குப் பள்ளம் வளைந்து நிமிர்கிறது. நெருப்புப் பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இரும்பின் குணம் மாறிவிடும். பத்தவைத்த இடம் போகாது, அதை ஒட்டின இடம் போகும். பட்டையின் முனை முடிகிற இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி பூசு. பாரம் ஏற்றி ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்து பார். வெள்ளையில் ஈரக் கோடு தெரிந்தால் அதுதான் விரிசல். உடனே நிறுத்திவிடு. வீரப்பன் உயிர் அதில் இருக்கிறது.

அப்படி ஆனால் போல்ட்டுக்குப் போகலாம் என்று நினைப்பாய். அதையும் யோசித்தேன். முதல் கடிதத்தில் நான் ஒன்றை மறந்துவிட்டேன். இங்கே நான் பார்க்கிறது துரைமார் கார்கள். உன் வண்டியிலிருந்து நாள் முழுக்க உப்புத் தண்ணீர் ஒழுகுகிறது. போல்ட்டு போட்ட பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் மயிரிழை இடம் இருக்கும். அதில் அந்தத் தண்ணீர் இறங்கித் தங்கும். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்கும், உள்ளே துரு ஊதிக்கொண்டே வரும். ஒரு வருஷத்தில் பட்டையை நெம்பித் தள்ளிவிடும். விற்கிறவரைக்கும் ஓட்டப் போல்ட்டு போதும். வருஷக்கணக்காக ஓட்டப் போதாது.

ஆகப் பத்தவைத்தால் வெடிக்கும், முடுக்கினால் துருப்பிடிக்கும். மீனுக்கு மோட்டார் ஒத்துவராது என்பதுதான் என் முடிவு. வண்டியை வந்த விலைக்குக் கொடுத்துவிடு.

உன்னைத் தொந்தரவு செய்ய இதை எழுதவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வருவாயா, மாட்டாயா? இத்தனை வருஷமாக நான் கேட்கிறேன், நீ மீன் விலை எழுதுகிறாய். வரமாட்டேன் என்றால் நேராக அதை எழுதிவிடு. நானும் அதற்குத் தகுந்தபடி இருந்துகொள்வேன்.

பலராமன்


வில்லியனூர்
17 ஜூன் 1934

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே சட்டம் போய்விட்டது. நீங்கள் எழுதின அதே இடம். பத்தவைத்தது அப்படியே இருக்கிறது, அதிலிருந்து விரற்கடை தள்ளி வாயைப் பிளந்துகொண்டது. கலியபெருமாள் வந்து பார்த்துவிட்டு, "என் வேலை போகலியேம்மா, உன் இரும்புதானே போச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

உறுவையாறு தாண்டிக் கரும்பு வண்டித் தடத்தில் இறங்கினபோது நடந்தது. யாருக்கும் அடியில்லை. வீரப்பன் கதவு திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு, "யக்கா, வண்டி குந்திகிச்சு" என்று கத்தினான். வண்டி நிறைய பச்சை மீன். வெயில் ஏறுகிறது. பாகூர் எங்கே, நான் எங்கே. பக்கத்துக் கழனியில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் கூடையை இறக்கிவிட்டேன். "இன்னாம்மா, மீனு கழனிக்கே வந்துடுச்சு" என்றார் மேஸ்திரி. "ஆமாங்க, உங்களுக்காகத்தான் வண்டியை ஒடச்சேன்" என்றேன். அன்றைக்கு உறுவையாற்றில் எல்லார் வீட்டிலும் மீன் குழம்பு. கைமுதல் வந்துவிட்டது. ஆனால் மறுநாளே சுப்பராயலு பாகூரில் என் இடத்தில் கருவாட்டைப் பரப்பிவிட்டான். சாக்கை விரித்துப் பாதி சந்தையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் குப்பத்தில் இருந்தேன். ரெண்டும் கூடாது, விற்றுவிடு என்பதைப் படித்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனசு விட்டுப்போயிற்று. பொய் சொல்லவில்லை. விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போது உங்கள் சித்தப்பா மகன் ராமு கரையேறினான். மீனைக் கொட்டிவிட்டு, எப்போதும்போலக் கட்டுமரத்தின் கட்டை அவிழ்த்து, மரத்தைத் தனித்தனியாக மணலில் உருட்டிவிட்டான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், நீங்களும்தான். அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றிற்று. "ஏண்டா ராமு, தெனம் கட்டுற, தெனம் அவுக்குற, சலிக்கலையாடா?"

"இன்னா அண்ணி கேக்குற! அவுத்துக் காயப்போடலன்னா மரம் தண்ணி குடிச்சிக் கனத்துப்பூடும். நாளைக்கு எதுல போறது, உன் மோட்டார்லயா?"

எழுந்து நேராகக் கண்ணையன் ஆசாரி வீட்டுக்குப் போனேன்.

உப்புத் தண்ணீர் நடுவில் தங்கும் என்கிறீர்கள். தங்கட்டும். எத்தனை நாள் தங்க விடுகிறோம் என்பதுதானே கேள்வி? அமாவாசைக்கு நம் குப்பத்தில் கடலில் மரம் இறக்குவதில்லை. மீனும் இல்லை, வண்டிக்கும் வேலையில்லை. மாதாமாதம் அன்றைக்குப் பட்டையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, மீனெண்ணெய் தடவித் திருப்பி முடுக்கினால் துரு எங்கிருந்து ஊதும்? பத்தவைத்ததை இப்படிச் செய்ய முடியுமா? நீங்கள் போல்ட்டு சொன்னது சரி. சொன்ன காரணம்தான் தப்பு. கழற்ற முடிவது விற்பதற்கு இல்லை, வைத்துக்கொள்வதற்கு. கடலில் போகிறவன் மகன் உங்களுக்கு இது தோன்றவில்லையே. சைகோன் தண்ணீரா, துரைமார் காரா, எது மறக்கவைத்ததோ.

ஆசாரி முதலில் முறைத்தார். அப்புறம், "கழட்டறதுக்காகவே பட்டை போடுற ஆளை இப்பதான் பாக்குறேன்" என்றார். பத்தவைத்த பட்டையை வெட்டி எடுத்து, பிளந்த சட்டத்தை நேராக்கி, உங்கள் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, பக்க முகத்தில் மட்டும் துளை போட்டார். நூல் கட்டிப் பார்த்தேன். விரல் இல்லை, நகம்தான் நுழைகிறது. பாகூருக்கு மறுபடி போகத் தொடங்கிவிட்டேன். சுப்பராயலுவின் சாக்கு சுருங்கிவிட்டது.

ஒரு குறை. இங்கே கிடைக்கிற போல்ட்டு பச்சை இரும்பு. நாலு தடவை கழற்றினால் திருகு மரை தேய்ந்துவிடும் என்கிறார் ஆசாரி. நல்ல எஃகில் அங்கே கிடைக்குமா? அளவு எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

நேராகக் கேட்டீர்கள். நேராகச் சொல்கிறேன். நான் சைகோனுக்கு வரமாட்டேன். நீங்கள் எனக்கு வேண்டும். இந்த ரெண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்து, இவள் ஏதோ பேரம் பேசுகிறாள் என்று நினைப்பீர்கள். பேரம் இல்லை. ரெண்டு தனித்தனி வாக்கியம். தனித்தனியாகப் படியுங்கள்.

பவுனம்மாள்


சைகோன்
6 செப்டம்பர் 1934

அன்புள்ள பவுனுக்கு,

தனித்தனியாகப் படித்தேன். முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டு ஒரு மாதம் உன் மேல் கோபமாக இருந்தேன். இரண்டாவதைப் படிக்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். பதில் இத்தனை தாமதம் அதனால்தான். கப்பல் மேல் பழி போடவில்லை.

பிறகு ஒரு நாள் கராஜில் உனக்குப் போல்ட்டு தேட உட்கார்ந்தேன். கோபம் வேறு, போல்ட்டு வேறு. தேடும்போது எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் மரத்துக்கு மரம் கத்தியால் குறி போட்டிருப்பார். இது நடு மரம், இது கடல் பக்கம், இது கரைப் பக்கம் என்று. எந்த மரம் எதோடு உட்காரும் என்று கை பார்த்தே கட்டிவிடுவார். தினம் அவர் அவிழ்ப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்படி இருந்தும், அவிழ்ப்பது என்றாலே விட்டுவிடுவது என்று இத்தனை வருஷம் எப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. கப்பலேறினவன் ஒன்று அங்கேயே இருக்க வேண்டும், இல்லை இங்கேயே இருக்க வேண்டும், பெண்சாதியும் கூடவே வர வேண்டும், இல்லாவிட்டால் அது குடும்பமே இல்லை என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். கலியபெருமாள் கணக்கு. உனக்குப் புரியும்.

பக்கிரி கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எஃகு போல்ட்டு, ஒரு பழைய லாரிச் சட்டத்திலிருந்து எடுத்தது, ஆனால் மரை புதுசு மாதிரி இருக்கிறது. ஆசாரியிடம் மூன்று விஷயம் சொல். போல்ட்டு துளைக்குள் ஆடக் கூடாது, தட்டி இறக்குகிற அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். ஆடினால் துளை பெரிதாகிப் பழைய கதைதான். ஒவ்வொரு போல்ட்டும் கழற்றின துளைக்கே திரும்பிப் போக வேண்டும். அதற்கு அப்பா மாதிரிப் போல்ட்டுத் தலையில் புள்ளி குத்திக் குறி போட்டிருக்கிறேன். நட்டு கழன்று விழாமல் இருக்க ஊசி வைத்திருக்கிறேன், மறக்காமல் மாட்டச் சொல்.

பொட்டலத்தில் இரண்டு ஸ்பானர் இருக்கும். ஒன்று போதுமே என்று நினைக்காதே. வெளியே ஒருவர் நட்டைத் திருகும்போது உள்ளே ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது.

முதலாளியிடம் விடுப்புக் கேட்டேன். முணுமுணுத்துவிட்டுக் கொடுத்திருக்கிறார். தை மாதம் கப்பல். மூன்று மாதம் இருப்பேன். அப்புறம் திரும்பிவிடுவேன். இங்கே என் வேலை இருக்கிறது. அதையும் நேராக எழுதிவிடுகிறேன். அடுத்த வருஷமும் இப்படிக் கேட்டால் கொடுப்பார் என்றுதான் நினைக்கிறேன். வரலாமா என்று எழுது.

உன் மாமா
பலராமன்


வில்லியனூர்
11 நவம்பர் 1934

மாமாவுக்கு,

தீபாவளிக்குப் பக்கிரி வந்தான். பொட்டலம் வந்தது. அவனுக்கு இலை போட்டு வஞ்சிரம் வறுத்து வைத்து, நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "யக்கா, அந்த ரூம்ல டயரை எடுத்தா எலிதான் ஓடும், பொம்பளை எங்க ஓடும்" என்றான். சரி என்று இன்னொரு துண்டு வைத்தேன்.

போல்ட்டைப் பார்த்து ஆசாரி, "இதாண்டா இரும்பு" என்று கையில் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தார். கொடுத்துவிட்டுப் போக மனசில்லை. தீபாவளி அமாவாசைக்கே பட்டையைக் கழற்றினோம். ஊர் பட்டாசு கொளுத்த, நாங்கள் வண்டிக்கடியில். உள்ளே துரு இருந்தது. பொய் சொல்லவில்லை. மஞ்சள் பூசினமாதிரி லேசாக இருந்தது. தேங்காய் நாரால் தேய்த்ததும் போய்விட்டது. அதுவே ஒரு வருஷம் கிடந்திருந்தால் நீங்கள் எழுதினபடிதான் ஆகியிருக்கும். கழுவிக் காயவைத்து, மீனெண்ணெய் தடவி, புள்ளி பார்த்துப் பார்த்துப் புது போல்ட்டு மாட்டினோம். உள்ளே வீரப்பன் பிடித்துக்கொண்டான், வெளியே நான் திருகினேன். "யக்கா, மெதுவா, கை சுத்துது" என்று கத்திக்கொண்டே இருந்தான். இதுவரைக்கும் மாதாமாதம் ஆசாரியே ஆள் வைத்துக் கழற்றி மாட்டினார், ரெண்டு ஸ்பானர் ஏன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மழை பிடித்துக்கொண்டது. கரும்பு வண்டித் தடமெல்லாம் குளம். வண்டி அதில் இறங்கி ஏறி வருகிறது. கதவு திறக்கிறது, மூடுகிறது. சுப்பராயலு போன வாரம் என்னிடம் வந்து, அவனுடைய கருவாட்டையும் என் வண்டியில் பாகூருக்கு ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். ஏற்றிக்கொள்வேன். ரெண்டு நாள் காக்கவைத்துவிட்டுத்தான்.

வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடு போட்ட வீட்டில் பாதி உங்களுடையது, இதில் கேள்வி என்ன. மூன்று மாதம் இருந்துவிட்டுப் போவதும் எனக்குச் சம்மதம். நீங்கள் இருக்கும்போது நான் விடியலில் குப்பத்துக்குப் போய்விடுவேன். அதற்கு நீங்களும் சம்மதப்பட்டாக வேண்டும். ஊரில் யாராவது, வந்தவன் ஏன் திரும்பிப் போகிறான் என்று கேட்பார்கள். கேட்கிறவர்களை என்னிடம் அனுப்புங்கள்.

கப்பல் வருகிற அன்றைக்கு வண்டியை டவுனுக்கு அனுப்பமாட்டேன். காலையில் வந்தால் அது மீன் நேரம். கோபித்துக்கொள்ள வேண்டாம். அரியாங்குப்பம் வரைக்கும் ஏதாவது பிடித்து வந்து நில்லுங்கள். வீரப்பன் வழியில் ஏற்றிக்கொள்வான். கூடைக்கு நடுவில்தான் இடம் இருக்கும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வராதீர்கள்.

ஆனால் தை அமாவாசைக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடுங்கள். அன்றைக்குப் பட்டை கழற்ற வேண்டும். வீரப்பனுக்கு மாமனார் வீட்டில் விசேஷம், அவன் இருக்கமாட்டான். உள்பக்கம் ஸ்பானர் பிடிக்க நான் வேறு ஆள் சொல்லிவைக்கவில்லை.

உங்கள்
பவுனு